துணி அலமாரிக்குள் அடுக்கு அமைப்பு நாமே பொருத்துவது: முதல் துளை போடும் முன் கேட்கிறேன்

1. ஒட்டடைக்கோல்

படுக்கையறையில் சுவரோடு சேர்ந்த அலமாரி ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரே கம்பி, அதற்கு மேல் ஒரே பலகை. கம்பி நடுவில் தொய்ந்து, மாட்டிய சட்டையெல்லாம் நடுவுக்கு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கீழே பாதி உயரம் காலி. அதாவது காலியாக இருக்க வேண்டும், இப்போது அங்கே ஒரு துணிமலை.

அகலம் 181 செ.மீ., கதவுக்கு உள்புற ஆழம் 62, உயரம் 243. பின்சுவர் செங்கல், வீட்டின் வெளிச்சுவரும் அதுதான். வலப்பக்கச் சுவர் ஜிப்சம் போர்டு. முன்னால் இரண்டு தள்ளுகதவு.

கம்பிவலைத் தட்டு, சுவரில் ரயில் (குறுக்காகத் திருகும் நீண்ட உலோகப் பட்டை) மாட்டி அதிலிருந்து சட்டங்களைத் தொங்கவிடும் வகை, தரையில் நிற்கும் மரப்பெட்டி என்று மூன்று வகை பார்த்தேன். எதை வாங்குவது? துளைப்பொறி இருக்கிறது. அதை இதுவரை இரண்டு முறைதான் எடுத்திருக்கிறேன், இரண்டு முறையும் படம் மாட்ட.

2. அரைமணிவேலை

ரயில் வகை வாங்குங்கள். நான்கு ஸ்க்ரூ, அரை மணி நேர வேலை.

3. மூலைமட்டம்

பெயருக்கு ஏற்ற பதில். அந்த அரை மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு நாள் இருக்கிறது, அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒட்டடைக்கோல், 181 என்பதை எங்கே அளந்தீர்கள்? மேலேயா, நடுவிலா, தரையிலா?

4. ஒட்டடைக்கோல்

தரையில். இப்போது மற்ற இரண்டையும் அளந்தேன். நடுவில் 182.5, மேலே 184! சுவர் இப்படியெல்லாம் இருக்குமா?

5. மூலைமட்டம்

எல்லா வீட்டிலும் இருக்கும். பூச்சு போட்ட கை எங்கே அழுத்தியதோ அங்கே மெலிந்திருக்கும். அதனால்தான் மூன்று இடத்தில் அளந்து மிகச் சிறியதை வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். மேலே 184 இருக்கிறது என்று அந்த அளவுக்குப் பலகை வெட்டினால் அது கீழே இறங்காது. ஆழத்தையும் இரு ஓரத்திலும் நடுவிலும் பாருங்கள். தரை மட்டமா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

ரசமட்டத்தையும் நம்பிவிடாதீர்கள். சுவரில் வைத்துக் குமிழியை நடுவில் நிறுத்தி ஒரு கோடு போடுங்கள். அதே கோட்டில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி நகர்ந்தால் கோளாறு ரசமட்டத்தில்.

6. மடிப்புக்காரி

எல்லோரும் சுவரை அளக்கிறீர்கள், துணியை யார் அளப்பது?

தம்பி, முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் கட்டிலில் கொட்டுங்கள். வேண்டாததை அப்போதே தனியாக எடுத்துவிடுங்கள். மீதியை மூன்றாகப் பிரியுங்கள்: தொங்கவிடுவதில் குட்டை, தொங்கவிடுவதில் நீளம், மடித்து வைப்பது. எண்ணுங்கள். சட்டை ஒன்றுக்குக் கம்பியில் சுமார் 3 செ.மீ. வேண்டும், கோட்டு, கனமான மேலாடைக்கு 5 முதல் 7 வரை. பிறகு எல்லாவற்றிலும் நீளமான துணியை ஹேங்கரோடு மாட்டி, கொக்கியிலிருந்து கீழ் ஓரம் வரை அளந்து எழுதுங்கள்.

நான் எட்டு வருடத்துக்கு முன் செய்த தவறு இது. அழகாக ஒன்பது தட்டு போட்டேன். என்னிடம் இருந்ததில் முக்கால்வாசி தொங்கவிடும் துணி. ஒன்பது தட்டிலும் மடித்துத் திணித்து, காலையில் ஒன்றை உருவினால் நான்கு கூடவே வரும். தட்டு நிறைய இருந்தால் ஒழுங்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

7. ஒட்டடைக்கோல்

அக்கா சொன்னபடி கொட்டினேன். இரவு பதினொன்றரை வரை படுக்க இடமில்லை.

சட்டை, மேல்சட்டை, மடித்துத் தொங்கவிடும் கால்சட்டை எல்லாம் சேர்த்து 61. நீளமானவை 9, அதில் மிக நீளம் 148 செ.மீ. மடிப்பவை, உள்ளாடை, போர்வை சேர்த்துக் கட்டிலில் பாதி. ஒரு பெட்டி முழுக்கத் தனியே எடுத்துவிட்டேன். அதில் ஐந்து சட்டை விலைச்சீட்டோடு இருந்ததைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

எடையும் பார்த்தேன். நான் மட்டும் தராசில் ஏறி, பிறகு துணியோடு ஏறிக் கழித்தேன். குட்டைத் துணிகள் ஹேங்கரோடு 19 கிலோ, நீளமானவை 11. மேல் தட்டுக்குப் போகும் பயணப்பெட்டி 14.

8. மூலைமட்டம்

எடை பார்த்தது நல்ல வேலை. பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

இனி வகைக்கு வருவோம். கம்பிவலைத் தட்டில் காற்று போகும், தூசி தங்காது, இலேசு. ஆனால் மெல்லிய பின்னல் துணியை மடித்து வைத்தால் கம்பித் தடம் பதியும், சின்னப் பொருள் சரியும். அளவுக்கு வெட்டினால் வெட்டிய முனை கத்தி மாதிரி இருக்கும், மூடி போட மறக்காதீர்கள்.

பலகை என்றால் பெரும்பாலும் 16 அல்லது 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), மேலே மெலமைன் தாள். ஒழுங்காகப் பயன்படுத்தினால் குறையில்லை. ஒழுங்காக என்றால் தாங்கல்களுக்கு நடுவே 60 செ.மீ., மிஞ்சிப்போனால் 75. கடையில் 90 செ.மீ. தட்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரே நெருக்கத்தில் துணி அடுக்கினால், தட்டின் நீளம் இரண்டு மடங்கு ஆகும்போது தொய்வு 16 மடங்கு ஆகும். தடிமனை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒரு பங்காகும். இரண்டில் எது கைக்கு எளிது என்று நீங்களே பாருங்கள். பார்ட்டிகிள் போர்டு முதல் நாளில் காட்டும் தொய்வு வேறு, இரண்டு வருடம் கழித்துக் காட்டுவது வேறு. சுமை இருக்க இருக்க மெல்ல வளைந்துகொண்டே போகும். புரட்டிப் போட்டால் கொஞ்ச நாள் சமாளிக்கலாம்.

உங்கள் கம்பி தொய்ந்ததும் இதே கதைதான். 180 செ.மீ. கம்பிக்கு நடுவில் தாங்கல் இல்லை. ஒரு மீட்டருக்கு மேல் போனால் நடுவில் ஒரு பிடி வேண்டும்.

நான் தரையில் நிற்கும் பெட்டிதான் சொல்வேன். எடை தரைக்குப் போகும், சுவரை நம்ப வேண்டாம். ஒன்றே ஒன்று: உயரம். நான் ஒரு வீட்டில் 240 உயரம், 60 ஆழம் உள்ள பெட்டியைத் தரையில் படுக்கவைத்து அழகாகப் பூட்டினேன். அறை உயரம் 245. ஐந்து செ.மீ. மிச்சம் என்று நினைத்து நிமிர்த்தினால் பாதியில் மேற்கூரையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நிமிர்த்தும்போது உயரம் முக்கியமில்லை, மூலைவிட்டம்தான் முக்கியம். அது 247 சொச்சம். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நிற்க, எல்லாவற்றையும் கழற்றி நின்ற நிலையில் மறுபடி பூட்டினேன். அன்றைக்குத் தேநீர் கொடுத்தார்கள், யாரும் பேசவில்லை.

9. துளைப்பான்

மூலைமட்டம் அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் சரி. முடிவில் மட்டும் நான் மாறுபடுகிறேன். இவருக்கு ரயில் வகைதான் பொருத்தம்.

சுவரில் மாட்டுவது என்றதும் எல்லோரும் ஸ்க்ரூ அறுந்து கீழே விழும் என்று பயப்படுகிறார்கள். எஃகு ஸ்க்ரூ அவ்வளவு எளிதில் அறுவதில்லை. அது சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டுதான் வரும். பிடுங்கும் விசை எவ்வளவு என்று பாருங்கள். துணி சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளித் தொங்குகிறது, எடை 20 கிலோ என்று வையுங்கள். 10 செ.மீ. உயரமுள்ள சின்ன பிராக்கெட் என்றால் அதன் மேல் ஸ்க்ரூவை வெளியே இழுப்பது ஏறக்குறைய 60 கிலோ எடைக்குச் சமம். அதே 20 கிலோ, ரயிலிலிருந்து செங்குத்தாகத் தொங்கும் 2 மீட்டர் நீள நிமிர்சட்டத்தில் மாட்டியிருந்தால்? மேலே இழுப்பது 3 கிலோ அளவுதான். மீதி, சட்டத்தின் கீழ்ப்பகுதி சுவரை அழுத்துவதில் போய்விடும். எடை முழுவதும் கீழ்நோக்கித்தான் இழுக்கும், அதை மேல் ரயிலின் ஸ்க்ரூக்கள் சாவகாசமாகத் தாங்கும்.

அதனால் ரயில் வகையில் நிமிர்சட்டம் நீளமாக இருப்பதை எடுங்கள். மிச்சம் பிடிக்கக் குட்டைச் சட்டம் வாங்குவதுதான் பிசகு.

இன்னொன்று, எல்லா எடையும் பின்சுவருக்குப் போகிறது. உங்கள் வலப்பக்க ஜிப்சம் போர்டைத் தொடவே வேண்டாம். பெட்டி வகையில் ஓரத்தட்டுக்கு அதில் ஒரு துளையாவது போட ஆசை வரும்.

10. மூலைமட்டம்

கணக்கு சரிதான் தம்பி. ஆனால் அந்த ரயிலைப் போடுபவர் படம் மாட்ட மட்டும் துளை போட்டவர். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

11. வாடகைக்கிளி

வாடகை வீட்டில் துளை போடக் கூடாது என்பவர்களுக்கும் யாராவது ஏதாவது சொல்லுங்களேன். தரைக்கும் மேற்கூரைக்கும் நடுவே திருகி இறுக்கும் தூண் வகை ஒன்று வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது, மேற்கூரை வெறும் அலங்கார ஜிப்சம் என்று எனக்குத் தெரியாதவரை.

12. துளைப்பான்

அந்தத் தூண் வகைக்கு மேலே கான்கிரீட் வேண்டும், இல்லையென்றால் குறுக்குச் சட்டம் இருக்கும் இடம் பார்த்து நிறுத்த வேண்டும். துளையே கூடாது என்றால் காலோடு நிற்கும் தாழ்வான இழுப்பறைப் பெட்டியும் சக்கரம் வைத்த துணிமாட்டியும் போதும். உயரமான எதையும் சுவரில் கட்டாமல் நிற்க விடாதீர்கள், குழந்தை இருக்கும் வீட்டில் சொல்லவே வேண்டாம். கீழ் இழுப்பறைகளைத் திறந்து படியாக்கி ஏறுவார்கள், பெட்டி முன்னால் சாயும். சின்னத் துளை இரண்டு போட வீட்டுக்காரரிடம் கேளுங்கள். போகும்போது சுவர்ப் பட்டி (புட்டி) வைத்து அடைத்துவிட்டுப் போகலாம்.

13. ஈரச்சுவர்

என் பெயரைப் பார்த்தே கதை புரிந்திருக்கும். பின்சுவர் வெளிச்சுவர் என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அதை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள்.

நான் இப்படித்தான் வெளிச்சுவரை ஒட்டி முதுகுப் பலகையோடு பெட்டி பூட்டினேன். ஒரு மழைக்காலம் தாண்டியது. துணியில் மண் வாசனை மாதிரி ஒன்று. பெட்டியை இழுத்துப் பார்த்தால் முதுகுப் பலகை முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, அடிப்பலகை ஓரம் ஊறி ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழைய அளவுக்கு வராது.

ஒரு சின்னச் சோதனை. சுவரில் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அது அறைக்காற்றின் ஈரம், சுவர் குளிர்ந்திருப்பதால் படிகிறது. முதலாவதற்கு அலமாரி வேலையை நிறுத்திவிட்டுச் சுவரைச் சரிசெய்யுங்கள். இரண்டாவதற்குக் காற்று போக இடைவெளி போதும்.

14. ஒட்டடைக்கோல்

ஒட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வருகிறேன்.

15. அரைமணிவேலை

அரை மணி நேரம் இப்போது நான்கு நாளாகிவிட்டது.

16. ஒட்டடைக்கோல்

உள்பக்கம் காய்ந்திருக்கிறது. வெளிப்பக்கம் கீழ் ஓரத்தில் மட்டும் இலேசாக ஈரம். எனவே முதுகுப் பலகை இல்லாத ரயில் வகை என்று முடிவு செய்துவிட்டேன். மூலைமட்டம் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், இழுப்பறை மட்டும் தரையில் நிற்கும் பெட்டி.

திட்டம் இது. மூன்று பிரிவு, ஒவ்வொன்றும் 60 செ.மீ. இடது பிரிவில் மேலும் கீழுமாக இரண்டு கம்பி, அது 120 செ.மீ. நடுப்பிரிவில் மேலே ஒரு கம்பி 60, கீழே நான்கு இழுப்பறை. ஆக 180, எனக்குத் தேவை 61 × 3 = 183. ஒரு சட்டையைத் தியாகம் செய்கிறேன். வலது பிரிவில் நீளத் துணி 9, உருப்படிக்கு 5 என்றால் 45 செ.மீ. போதும். எல்லாவற்றுக்கும் மேலே பெட்டிகளுக்கு ஒரு தட்டு.

இரட்டைக் கம்பி 100, 200 உயரத்தில் வைக்க வேண்டும் என்று பல இடத்தில் எழுதியிருக்கிறார்கள். சரிதானே?

17. மடிப்புக்காரி

இரண்டு விஷயம்.

200 உயரம் யாருக்கு? உங்கள் வீட்டில் அந்தக் கம்பியைத் தொடும் ஆட்களில் குள்ளமானவரை நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொல்லுங்கள். நான் 151 செ.மீ., 200இல் இருக்கும் ஹேங்கரை எடுக்க எம்பிக் குதிக்க வேண்டும். சட்டை ஹேங்கரோடு 90 செ.மீ. வரும். கீழ்க் கம்பி 95, மேல் கம்பி 190 என்று வைத்தால் ஒன்றும் குறையாது. மேல் கம்பிக்கும் அதன் மேல் தட்டுக்கும் நடுவே ஐந்தாறு செ.மீ. விடுங்கள், கொக்கியைத் தூக்கி எடுக்க இடம் வேண்டும்.

அப்புறம், உங்களுடையது தள்ளுகதவு. இரண்டு கதவும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இந்தப் பக்கம் தள்ளினால் வலது பாதி தெரியும், அந்தப் பக்கம் தள்ளினால் இடது பாதி. நடு ஒருபோதும் முழுசாகத் திறக்காது. நடுப்பிரிவு 60இல் தொடங்கி 120இல் முடிகிறது, உங்கள் நடுக்கோடு 90. அந்த இழுப்பறையை எப்படித் திறப்பீர்கள்?

18. ஒட்டடைக்கோல்

ஐயோ.

19. துளைப்பான்

அக்கா இந்த இழையைக் காப்பாற்றிவிட்டார்கள். என் கண்ணில் படவே இல்லை.

20. மடிப்புக்காரி

நீளத் துணியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தொங்கும் துணியை எந்தப் பக்கக் கதவிலிருந்தும் தள்ளி எடுக்கலாம். இழுப்பறை வலது பிரிவுக்குப் போகட்டும். ஆனால் கதவு நிலை வலது ஓரத்தில் உள்சுவரைவிட எவ்வளவு உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். இழுப்பறை அதில் இடிக்கக் கூடாது.

21. ஒட்டடைக்கோல்

4 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. இழுப்பறைப் பெட்டியை 56 அகலத்தில் செய்து, வலது சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி நிறுத்தினால் சரியாக இருக்கும். அந்த 5 செ.மீ. இடுக்கில் குடை வைக்கலாம். நாளைக்கு ரயில். துளை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமானால் இன்று சொல்லுங்கள்.

22. துளைப்பான்

கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், எல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

சுவிட்ச், பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று சுவரின் இரண்டு பக்கமும் பாருங்கள். அவற்றுக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளை போடாதீர்கள், வயர் பெரும்பாலும் அந்த நேர்க்கோட்டில்தான் ஓடும். குளியலறை சுவருக்குப் பின்னால் இருந்தால் குழாயையும் நினைவில் வையுங்கள்.

ரயிலை முழுசாகக் குறித்து எல்லாத் துளையையும் ஒரே மூச்சில் போட வேண்டாம். நடுவில் ஒரு துளை, ஒரு ஸ்க்ரூ, பாதி இறுக்கம். ரயில் தராசு மாதிரி ஆடும். ரசமட்டம் வைத்து நேராக்கி, பிடித்துக்கொண்டே இரு முனைத் துளைகளைக் குறியுங்கள். தரையிலிருந்து அளந்து குறித்தால் தரையின் சாய்வு ரயிலுக்கு ஏறிவிடும்.

8 மி.மீ. பிளக் (துளைக்குள் செருகி ஸ்க்ரூவைப் பிடிக்கவைக்கும் உறை) என்றால் 8 மி.மீ. சுவர்த் துளைமுனை. முதலில் சுத்தியல் விசை (துளைப்பொறி அடித்தபடியே துளைக்கும் முறை) இல்லாமல் பூச்சைத் தாண்டுங்கள், இல்லையென்றால் பூச்சு பெயரும். பிறகு சுத்தியல் விசை போடலாம். வரும் தூளின் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறம் என்றால் இன்னும் பூச்சில் இருக்கிறீர்கள், சிவப்பு என்றால் செங்கல். முழுக்கவும் சாம்பலாகவே வந்து, முனை வெண்ணெயில் போவது போலப் போனால் இரண்டு செங்கலுக்கு நடுவே சாந்தில் இருக்கிறீர்கள். ஓரிரு செ.மீ. மேலேயோ கீழேயோ தள்ளுங்கள். திடீரென்று வெற்றிடத்தில் குதித்தால் அது உள்ளே வெற்றிடம் உள்ள கட்டுமானக் கட்டி (ஹாலோ பிளாக்). அங்கே சுத்தியல் விசையை நிறுத்துங்கள், கட்டியின் உள்சுவர் உடையும், அதற்கென்று உள்ள பிளக் வேறு.

பூச்சு ஒன்றரை செ.மீ. வரை இருக்கலாம், அதற்குப் பிடிமானம் கிடையாது. பிளக்கின் விரியும் பகுதி முழுக்கச் செங்கலுக்குள் இருக்க வேண்டும். குட்டை பிளக் போட்டுப் பாதி பூச்சில் உட்கார்ந்தால், இன்று இறுகும், மூன்றாம் மாதம் பிளக்கோடு கையில் வரும். எனவே 60 மி.மீ. பிளக், அதைவிட ஒரு செ.மீ. கூடுதலாகத் துளை. துளைமுனையில் நாடா சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டதும் உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுங்கள். வாயால் ஊதினால் கண்ணை மூடிக்கொண்டு ஊதுங்கள். சிரிக்காதீர்கள், கண் மருத்துவரிடம் போனவன் நான்.

ஒரு உபரித் தகவல். ராவல் பிளக் என்ற பெயர் அதை உருவாக்கிய ராவ்லிங்ஸ் என்ற பிரிட்டிஷ்காரரின் பெயரிலிருந்து வந்தது. நாம் இன்று போடும் நைலான் பிளக்கை 1958இல் கொண்டுவந்தவர் ஆர்ட்டூர் ஃபிஷர் என்ற ஜெர்மானியர். அதற்கு முன்னால் சுவரில் மரக்கட்டை அடித்து அதில் ஆணி ஏற்றியவர்களின் பொறுமையை நினைத்துக்கொண்டு துளை போடுங்கள், அலுப்பு தெரியாது.

23. ஒட்டடைக்கோல்

ரயில் ஏறிவிட்டது!

ஏழு துளையில் ஐந்து சிவப்புத் தூள். ஆறாவது சாந்தில் விழுந்தது, ஒன்றரை செ.மீ. தள்ளிப் போட்டேன். ஏழாவதில் கை ஆடித் துளை அகலமாகிவிட்டது, பிளக் உள்ளே சுழல்கிறது. நிமிர்சட்டங்களைக் கொக்கி மாட்டித் தொங்கவிட்டதும் அவை தாமாகத் தூக்குக்குண்டு மாதிரி நேராக நின்றன. அதைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சுழலும் பிளக்குக்கு என்ன செய்வது?

24. மூலைமட்டம்

அடுத்த அளவு பிளக்குக்கு மாறுங்கள், 10 மி.மீ. துளை போட்டு 10 மி.மீ. பிளக், அதற்கேற்ற தடிமனான ஸ்க்ரூ. ஸ்க்ரூத் தலை ரயில் துளையில் உட்காருமா என்று முதலில் பாருங்கள். உட்காரவில்லை என்றால் அந்தத் துளையை விட்டுவிட்டு ரயிலில் பக்கத்துத் துளைக்குப் போங்கள். தீக்குச்சி செருகும் வித்தை மரத்துக்கு மட்டும், செங்கலுக்கு வேண்டாம்.

சுவர் நேராக இல்லாத இடத்தில் நிமிர்சட்டத்துக்குப் பின்னால் இடைவெளி தெரியும். அதை ஸ்க்ரூவால் இறுக்கிச் சுவரோடு ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள், சட்டம் வளையும். பின்னால் மெல்லிய தகடு வைத்து நிரப்பிவிட்டு இறுக்குங்கள்.

பலகை வெட்டும்போது வெட்டும் கோட்டில் நாடா ஒட்டி, கத்தியால் ஒரு கீறு போட்டுவிட்டு, நெருங்கிய பல் உள்ள ரம்பத்தால் வெட்டினால் மெலமைன் சிதறாது. வெட்டிய ஓரத்தை அப்படியே விடாதீர்கள், எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் மெல்லிய பட்டை) ஒட்டுங்கள். கீழே உங்கள் சுவர் வியர்க்கிறது என்று சொன்னீர்கள்.

25. ஒட்டடைக்கோல்

வெட்டு நன்றாக வந்தது. இழுப்பறையில்தான் மாட்டிக்கொண்டேன்.

56 அகலப் பெட்டி, இரு பக்கமும் 16 மி.மீ. பலகை, உள் அகலம் 52.8. பக்கத்துக்கு அரை செ.மீ. போதும் என்று இழுப்பறையை 51.8இல் செய்தேன். பால்பேரிங் ஸ்லைடை (இழுப்பறை ஓடும் பக்கத் தடத்தை) பொருத்திவிட்டு உள்ளே தள்ளினால் வாசலிலேயே நிற்கிறது. நான்கும்.

26. மூலைமட்டம்

பக்கத்துக்கு அரை அங்குலம் வேண்டும், 12.7 மி.மீ. இரு பக்கத்துக்கும் சேர்த்து 26 மி.மீ. கழித்துக்கொண்டால் நிம்மதி. உங்கள் இழுப்பறை 50.2 இருக்க வேண்டும். பக்கப்பலகையைத் தொட வேண்டாம், முன்பலகை, பின்பலகை, அடிப்பலகை மூன்றையும் 16 மி.மீ. குறைத்து மறுபடி பூட்டுங்கள். சின்னதாகப் போயிருந்தால் ஸ்லைடுக்குப் பின்னால் தகடு வைத்துச் சமாளிக்கலாம். பெரிதாகப் போனால் ரம்பம்தான்.

பூட்டும்போது பெட்டியின் இரண்டு மூலைவிட்டமும் ஒன்றா என்று நாடாவால் அளங்கள். 2 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே இழுப்பறை ஒரு பக்கம் முனகும்.

27. வாடகைக்கிளி

எங்கள் வீட்டுக்காரர் இரண்டு துளைக்குச் சம்மதித்துவிட்டார். இடையில் வந்து சொல்லிவிட்டுப் போகிறேன்.

28. ஒட்டடைக்கோல்

முடிந்தது. மொத்தம் பதினாறு நாள், அதில் வேலை செய்தது நான்கு.

இழுப்பறைப் பெட்டியை மேல் ஓரத்தில் இரண்டு கோணத்தகடு வைத்துப் பின்சுவரில் கட்டிவிட்டேன். நான்கு இழுப்பறையையும் நிறையத் துணியோடு ஒரே நேரத்தில் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கட்டுவதற்கு முன் இரண்டு இழுத்ததுமே முன்கால் பக்கம் சாய்ந்தது, அதைப் பார்த்ததும் துளைப்பான் சொன்னது புரிந்தது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே 2 செ.மீ. விட்டிருக்கிறேன். உள்ளே பேட்டரியில் எரியும் சின்ன எல்.இ.டி. விளக்கு, கதவு திறந்தால் எரியும்.

மேல் கம்பி 190இல் இருக்கிறது. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு விரற்கடை இறக்கு" என்றார். பிராக்கெட்டை ஒரு பல் இறக்கினேன். பெட்டி வகையாக இருந்தால் இதற்கு மறுபடி துளை போட்டிருக்க வேண்டும். மூலைமட்டம் அண்ணன் கவனிக்க.

29. மூலைமட்டம்

கவனித்தேன். ஒரு மாதம் கழித்து எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

30. அரைமணிவேலை

நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். பலகைப் பெட்டி. பிரித்ததும் கண் எரிகிறது, துணி வைக்கலாமா?

31. ஈரச்சுவர்

பலகையை ஒட்டும் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடு அது. எல்லா இழுப்பறையையும் கழற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து, எரிச்சலும் வாசனையும் போகும்வரை காற்றாட விடுங்கள். ஒட்டாமல் விட்ட வெட்டு ஓரம் இருந்தால் எட்ஜ் பேண்ட் ஒட்டுங்கள், அங்கிருந்துதான் அதிகம் வரும். அடுத்த முறை வாங்கும்போது பலகை இ1 தரமா (ஃபார்மால்டிஹைடு குறைவாக வெளிவரும் தரம்), அதைவிடவும் குறைவாக வெளிவிடுவதா என்று கேட்டு வாங்குங்கள்.

32. அரைமணிவேலை

எத்தனை நாள் ஆகும்?

33. மூலைமட்டம்

அரை மணி நேரம்.